தட்டாமல் திறக்கும் கதவு

ஜனவரி 9, 2012, திங்கள்

பெண்கள் வீட்டின் கதவு இன்று திறக்கவில்லை.

புருஷனிடம் அடிபட்டு வருகிறவர்கள் தங்கும் அந்த வீட்டுக்கு எப்போதும் போல ரொட்டித் தட்டோடு போய்ப் பிடியைத் திருகினேன். அசையவில்லை. பனியில் உறைந்துவிட்டது போலும் என்று தோளால் ஓர் இடி இடித்தேன். பிறகுதான் பார்த்தேன், பிடிக்கு மேலே பளபளவென்று புதுப் பூட்டு. பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் உள்ளே மணி அடிக்குமாம்.

நான் அழுத்தவில்லை. ரொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எழுபத்து நாலு வயதாகிறது. ஹேர் குடா என்ற இந்த மீனவ ஊரில் எந்த வீட்டுக் கதவையும் நான் தட்டியதில்லை. யாரும் தட்டுவதில்லை. வருகிறவர் திறந்துகொண்டு வருவார், பூட்ஸைக் கழற்றுவார், அடுப்பருகே உட்காருவார். இங்கே தட்டுகிறவன் யார்? போலீஸ்காரன். வழி தவறி வந்த வெளியூரான். கெட்ட செய்தி கொண்டுவரும் பாதிரியார். என் கதவு ஒரே ஒரு முறை தட்டப்பட்டது, என் கணவர் ஆம்புரோஸின் படகு திரும்பாத அன்று. கையெல்லாம் மாவோடு நின்றிருந்தேன். சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது. பாதிரியார் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படிப்பட்ட ஊரில் கதவுக்கு மணி.

ஜனவரி 12, வியாழன்

கூட்டம். ரொவீனா நகரத்தில் படித்தவள். கோடையிலிருந்து பெண்கள் வீட்டை நடத்துவது அவள்தான். குரலை உயர்த்தவே மாட்டாள். அதுவே எனக்கு எரிச்சல்.

“மாகாணம் முழுக்க எல்லாப் பெண்கள் வீட்டுக்கும் பூட்டு வேணும்னு சொல்லிட்டாங்க, மிஸஸ் பார்டி. உள்ள இருக்கறவங்க பாதுகாப்புக்குத்தான்.”

“உள்ள இருக்கறவளுக்குச் சரி. வெளிய நிக்கறவளுக்கு?”

“மணி அடிச்சா நான் வந்து திறப்பேன்.”

“அடிக்க மாட்டா.”

“ஏன் அடிக்க மாட்டா?”

இதை எப்படி விளக்குவது? இந்த ஊர்ப் பெண் ஜாம் புட்டியைத் திருப்பித் தர வந்தவள் போல வருவாள். தேநீர் குடிப்பாள். ஒரு பாடு வானிலை பேசுவாள். கிளம்பக் கோட்டை மாட்டும்போதுதான் வந்த விஷயம் வாயில் வரும். மணி அடித்தால் ஒருத்தி வந்து ‘என்ன வேணும்?’ என்று கேட்பாள். பாதி ஊர் ஜன்னலில் நின்று பார்க்க, வாசலில் வைத்து அந்தக் கேள்விக்கு எவள் பதில் சொல்வாள்?

சொன்னேன். ரொவீனா தலையாட்டினாள். புரிந்த தலையாட்டல் இல்லை அது.

“டல்சி, உன்னை விட்டா கதவையே கழட்டி அடுப்புல போட்டுடுவ,” என்றாள் ஐவி. எல்லோரும் சிரித்தார்கள். மீன் ஆலை மூடி ஆண்களெல்லாம் நாட்டின் மறுகோடியிலுள்ள ஆல்பெர்ட்டாவுக்கு வேலை தேடிப் போன வருஷம், ஐவியும் நானும்தான் ஆலை மேலாளரின் காலி வீட்டில் அடுப்பு மூட்டி இதைத் தொடங்கினோம். நான் பள்ளிக்குப் போனது மூன்று குளிர்காலம். சட்டம் என்றால் என்ன, நீதிபதியிடம் எப்படிப் பேசுவது, எல்லாம் இந்த வீட்டு மேசையில் நானாகக் கற்றதுதான். இன்று கை தூக்கச் சொன்னபோது ஐவியின் கை பூட்டுக்காக உயர்ந்தது.

“அந்தப் பூட்டு இருக்கற வரைக்கும் நான் உள்ள வர மாட்டேன்,” என்றேன்.

“கோவிச்சுக்காதடி.”

“கோவம் இல்ல. வழி இல்ல. கதவு பூட்டியிருக்கு.”

ஜனவரி 13

போகவில்லை.

ஜனவரி 23, திங்கள்

என் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த வாசல் தெரியும். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மத்தியானம் கொரீன் வந்தாள். எங்கள் ஊர் லாயிடின் கடைசி மகள், கிளாரைக் கட்டியவள். கையில் ஒரு புட்டி. பிடியைத் திருகினாள். திரும்ப ஒரு முறை. பொத்தானைப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். அப்புறம், கடலில் பனிக்கட்டி வந்துவிட்டதா என்று பார்க்க வந்தவள் போலக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றுவிட்டு, இறங்கிப் போனாள்.

கிளார் வேலை போய் கிறிஸ்துமஸிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். அவன் ஆல்பெர்ட்டாவில் இருக்கும் மாதங்களில் கொரீன் தேவாலயத்தில் பாடுவாள். அவன் ஊரில் இருந்தால் கழுத்தைத் துணியால் மூடிச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவாள். எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

நான் சொன்னேன், இல்லையா? அடிக்க மாட்டாள் என்று சொன்னேன்.

பிப்ரவரி 3, வெள்ளி

இன்று என் கதவைத் திறந்துகொண்டு கொரீன் உள்ளே வந்தாள். கூடவே ஜோசி, நாலு வயது. கோட்டுக்குள் குழந்தைக்கு இரவு உடை.

“ராத்திரி பனி கொட்டும்போல, அத்தே,” என்றாள்.

“கொட்டும்.”

“காத்து வடக்க திரும்பிடுச்சு.”

“ஆமா. உக்காரு.”

பட்டாணி சூப் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கிளம்ப எழுந்தவள் கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். “வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவான்னு தெரியல அத்தே,” என்றாள்.

பின்னறையில் படுக்கை விரித்தேன். அரசாங்கப் பூட்டு தடுத்ததை என் கதவு தடுக்கவில்லை. ரொவீனா வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். பெருமையாகவே இருந்தது. எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 4, சனி

கிளார் வந்தான்.

தட்டவில்லை. ஏன் தட்டப்போகிறான்? பிறந்த ஊர். கதவைத் திறந்தான், பூட்ஸைக் கழற்றிப் பாயில் ஒழுங்காக வைத்தான், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஆம்புரோஸின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“என்ன வாசனை! ரொட்டியா? டல்சி அத்தே ரொட்டிக்காகவே ஆல்பெர்ட்டாவ விட்டு ஓடி வரலாம். தேநீர் இருக்கா?”

என் கை கெட்டிலுக்குப் போனது. நான் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போனது. இந்த அடுப்பருகே உட்கார்ந்தவருக்குத் தேநீர் இல்லை என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. டின் பால், மூன்று கரண்டி சர்க்கரை. அவன் குடித்தான். இந்த வருஷம் சீல் வேட்டை எப்படி இருக்கும் என்று பேசினான். கொரீன் சாய்வுக்கட்டிலின் நுனியில் உட்கார்ந்து அவன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எப்போது காலியாகும் என்று.

காலியானது.

“அத்தைக்குத் தொந்தரவு குடுத்தது போதும், ஜோசிக் குட்டி. கோட்டு எங்க?”

“இருந்துட்டுப் போகட்டும், கிளார்,” என்றேன்.

சிரித்தான். “எம் பெண்டாட்டி எங்கூட வர்றதுக்கு யார்கிட்ட அத்தே கேக்கணும்?”

யாரையும் தொடவில்லை. குரலும் உயரவில்லை. கொரீன் குழந்தைக்குப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டாள். கதவை அவன் மெதுவாகச் சாத்திக்கொண்டு போனான், அடுப்புச் சூடு போகக் கூடாதே என்று.

பிப்ரவரி 5

நான்தான் தேநீர் ஊற்றினேன்.

பிப்ரவரி 11, சனி

புயல். வடகரை முழுவதும் சாலைகள் மூடல் என்று வானொலி. இந்த வாரம் முழுக்கக் கொரீனை யாரும் பார்க்கவில்லை. அவள் வீட்டுப் புகை மட்டும் தெரிகிறது.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி தட்டும் சத்தம். கொரீனைப் பற்றிய கெட்ட செய்திதான் என்று முடிவே கட்டிவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தால் ரொவீனா, தலையிலிருந்து கால் வரை பனி, கையில் ஒரு சட்டியில் சூப்.

“கொரீனுக்கு என்ன ஆச்சு?”

“கொரீனா? எந்தக் கொரீன்? புயலாச்சே, நீங்க தனியா இருப்பீங்களேன்னு...”

“நீ எதுக்குடி தட்டின? ஏன் தட்டின?” கத்திவிட்டேன். “உயிரே போச்சு! தட்டினா என்ன அர்த்தம்னு தெரியாதா உனக்கு?”

“தட்டாம எப்படி வர்றது மிஸஸ் பார்டி, இது உங்க வீடு. நான் உள்ள வரலாமா கூடாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?” அவள் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாள் இந்த ஊரில் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் என்னைப் போலப் பயந்த முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

உட்காரவைத்தேன். எல்லாம் சொன்னேன். ஆம்புரோஸை. கொரீனை. தேநீரை. இதற்குத்தானே பூட்டு என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் ஒரு சண்டை போடலாம் என்றுகூட இருந்தது.

“எங்க வாசலுக்கு வந்தாளா?” என்று மட்டும் கேட்டாள்.

“வந்தா. பிடியத் திருகினா. போயிட்டா.”

“நான் உள்ளதான் இருந்தேன்,” என்றாள். “மாடில படுக்கை விரிப்பெல்லாம் மடிச்சிட்டிருந்தேன்.”

அடுப்பில் இன்னொரு விறகைப் போட்டேன். அவளது பூட்டு கொரீனை வெளியே நிறுத்தியது. என் திறந்த கதவு கிளாரை உள்ளே விட்டது.

“அந்தப் பொத்தானப் பிடுங்கிப் போடு,” என்றேன்.

“மிஸஸ் பார்டி, பூட்ட எடுக்க முடியாது. நானே எடுக்க விடமாட்டேன்.”

“பூட்டு இருக்கட்டும். பொத்தான எடு. ஜன்னலுக்கிட்ட ஒரு நாற்காலி போடு. பாதையில வர்றவளப் பார்த்து, அவ கை பிடியில படறதுக்கு முன்னாடி திறக்கணும். ஒரு பொம்பள அந்த வாசல்ல காத்து நிக்கக் கூடாது.”

“காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் யாரு உக்காருவா?”

என்ன கேள்வி.

பிப்ரவரி 13, திங்கள்

நாற்காலி கடினம். வீட்டிலிருந்து ஒரு மெத்தை கொண்டுபோனேன். பின்னல் ஊசி, நூல். ஐவி மத்தியானம் வந்தாள். திறந்தேன். “ராணி அரண்மனைக் காவக்காரன் தோத்தான்டி,” என்றாள். பூட்டுக்காக உயர்ந்த அவள் கையை நான் மறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவளை உட்காரவிட்டேன்.

பிப்ரவரி 22, புதன்

ஜாம் புட்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. மேசையில் இன்று வைக்க இடமில்லை.

கொரீன் வரவில்லை.

மார்ச் 2, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

பாதை வளைவில் கொரீன் தெரிந்தாள். ஜோசியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தொப்பி இல்லாமல், ஓடாமல் — ஓடினால் ஊர் பார்க்கும் என்று ஓடாமல் வந்தாள். என் முட்டி பத்து வருஷமாகச் சொன்ன பேச்சைக் கேட்காது. இன்று கேட்டது. அவள் படியில் கால் வைப்பதற்குள் கதவு திறந்திருந்தது. உள்ளே வந்தாள். சாத்தினேன். பூட்டினேன். அந்தப் பூட்டில் என் கை பட்டது இன்றுதான்.

“பனி குறைஞ்சிருக்கு, அத்தே,” என்றாள். உதடு வெடித்து இரத்தம்.

“குறைஞ்சிருக்கு, கண்ணு. மேல போ. ரொவீனா இருக்கா.”

ரொவீனா போலீஸை அழைத்தாள். அடுத்த ஊரிலிருந்து வர வேண்டும். அதற்குள் கிளார் வந்துவிட்டான்.

பிடியைத் திருகினான். தோளால் இடித்தான், நான் இடித்தது போலவே. ஜன்னல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான். “அத்தே, கதவு மாட்டிக்கிச்சு.”

நான் பின்னிக்கொண்டிருந்தேன்.

“டல்சி அத்தே. நான்தான், கிளார். ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன். தேநீர் ஒண்ணு குடுங்க, போதும்.”

பிறகு சிரிப்பு நின்றது. பிறகு அவன் தட்டினான்.

ஹேர் குடாவில் பிறந்து வளர்ந்தவன், ஹேர் குடாவில் ஒரு கதவைத் தட்டினான். முதலில் விரலால், அப்புறம் முஷ்டியால். எதிர் வீட்டில் திரை விலகியது. அதற்கடுத்த வீட்டிலும். தட்டும் சத்தம் கேட்டு ஊரே ஜன்னலுக்கு வந்தது, யார் செத்தது என்று பார்க்க. அவன் திரும்பிப் பார்த்தான். எல்லா ஜன்னலிலும் முகம்.

“இங்க தட்டறவங்களுக்குத் தேநீர் கிடையாது, கிளார்,” என்றேன்.

கேட்டதா தெரியாது. போலீஸ் வண்டி வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 27, செவ்வாய்

நீதிமன்றம் அவனை அவர்கள் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டது. கொரீனும் ஜோசியும் அவள் அக்காவின் ஊருக்குப் பேருந்து ஏறினார்கள். ஜோசிக்கு நான் பின்னிய தொப்பி பெரிதாகிவிட்டது. கண் வரை வந்துவிட்டது. போகும்போது கொரீனின் கழுத்தில் துணி இல்லை.

மே 6, ஞாயிறு

குடாவில் பனிக்கட்டி போய்விட்டது. இன்று ஐவியின் முறை, ஜன்னலில். அதனால் வீட்டில் ரொட்டி போட்டேன்.

கையெல்லாம் மாவாக இருந்தபோது கதவு திறந்தது. தட்டும் சத்தம் இல்லை. பாயில் பூட்ஸ் கழற்றும் சத்தம் மட்டும். திரும்பிப் பார்த்தேன். ரொவீனா. ஆம்புரோஸின் நாற்காலியில் உட்காரலாமா என்று ஒரு கணம் நின்றாள், பிறகு உட்கார்ந்தாள்.

“தேநீர் இருக்கா, அத்தே?” என்றாள்.

மிஸஸ் பார்டி என்று அழைக்கவில்லை.

அந்தப் பொத்தான் விஷயத்தில் அவள் செய்தது தப்பு, அதில் மாற்றமில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்தேன். பால் டின்னை அவளே திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.