குலுங்காத டப்பா

முந்தாநாள் சாயங்காலம் தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து பென்சில் பாக்ஸை மூடினாள். 'டக்' என்றது. புது பாக்ஸ். மூடியில் காந்தம் வைத்தது. பாதி வழியில் கையை எடுத்துவிட்டாலும் மீதியைத் தானே போய் மூடிக்கொள்ளும். நான் உள்ளறையில் லேத் மெஷின் படத்துக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் என் வாய் தானாக, "இருடா, மூடாத, நான் இன்னும் பாக்கல" என்றது. தங்கச்சி எட்டிப் பார்த்து, யார்கிட்ட பேசிகினு கீற என்று கேட்டாள். லேத்கிட்ட என்றேன். நான் சொல்வதில் உண்மை எது, திரித்த கயிறு எது என்று பிரிப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். போய்விட்டாள்.

உன்னிடம்தான் பேசினேன். நீ போன பிறகு உன்னிடம் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அதனால் எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதே.

பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. வாத்தியார் நாற்காலியில் சாக்பீஸ் தூள் போட்டது நான், சிரித்து மாட்டிக்கொண்டது நீ என்பதுதான் நம் வேலைப் பங்கீடு. பத்தாவது பரீட்சைக்கு முன்னாடி உன் முகம் வீங்க ஆரம்பித்தது. மற்றவர்கள் சொல்வதற்கு முன் நீயே, "பூரி மாதிரி கீறேன்ல?" என்று கேட்டுவிட்டாய். எனக்குக் கிண்டல் செய்ய எதையும் மிச்சம் வைக்கவில்லை. அப்புறம் தெரிந்தது, உன் சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்டன என்று.

ரிசல்ட் வந்தது. நான் வேலூர் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். நீ வாரத்தில் இரண்டு நாள் உன் அம்மாவோடு அதே காலை பஸ்ஸில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தாய், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக. முதல் நாள் ஆரணி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் சொன்னாய்: "நீ படிக்கப் போற, நான் படுக்கப் போறேன். ஒரு எழுத்துதான் வித்தியாசம்." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கோ பொறாமை. அது நான் சொல்லியிருக்க வேண்டிய வரி.

நாம் சும்மா உட்கார்ந்து வருகிற ஜாதி இல்லையே. செஸ் அட்டை கொண்டுவந்தோம். கண்ணமங்கலத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. பஸ் ஏறி இறங்கியதில் உன் ராணி பறந்து, பக்கத்துச் சீட்டுக் காய்காரம்மாவின் கத்திரிக்காய்க் கூடைக்குள் விழுந்துவிட்டாள். அந்த அம்மா கூடையைக் கிளறி எடுத்து, "இந்தாப்பா உன் பொம்ம" என்று நீட்டினார். ராணியை அதற்கு மேல் அவமானப்படுத்த முடியாது. காந்தம் வைத்த செஸ் கடையில் கிடைக்குமே, வேலூரில் பார்த்து வாங்கிவரவா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நீ வேண்டாம் என்றாய்.

"வெட்டி வெளிய போடற ஆட்டம் வேணாம்டா. எல்லாம் கடைசி வரிக்கும் உள்ளயே இருக்கணும். நாமளே ஒண்ணு பண்ணலாம்."

அன்றைக்கு அதை நான் ஒரு விளையாட்டு விதியாகத்தான் கேட்டேன்.

காந்தத்துக்கு அலைந்தோம், நினைவிருக்கிறதா? பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்தால் உள்ளே இருந்தது தோசைக்கல் மாதிரி பெரிய வட்டம். கடைசியில் ஃபேன்ஸி ஸ்டோர் கண்ணாடி அலமாரிக்குள் கிடைத்தது: காது குத்தாதவர்கள் போட்டுக்கொள்ளும் காந்தக் கம்மல். கடைக்கார அக்கா நம் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்து, "யாருக்குப்பா?" என்று கேட்டார். நீ என்னைக் காட்டினாய். நான் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினேன். அந்த அக்கா அட்டை அட்டையாக எடுத்துப் போட்டது சிரிப்பிலா பயத்திலா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பலகைக்கு ஒரு சதுர பிஸ்கட் டப்பா. அதன் அடித்தகட்டில் காந்தம் ஒட்டியது. ஆனால் பிடித்தால் உடும்பு. பக்கத்தில் இன்னொரு காயைக் கொண்டுபோனாலும் அசையவில்லை. அப்போதுதான் நீ உங்கள் வீட்டுப் பரணிலிருந்து பழைய ஜக்கார்டு அட்டைகளைக் கொண்டுவந்தாய். சேலை பார்டர் மாறியபோது உங்கள் பட்டுத் தறியிலிருந்து கழற்றிப் போட்டவை. பட்டில் அன்னமும் மாங்காயும் விழுவதற்காக வரிசையாக ஓட்டை குத்திய கெட்டி அட்டை. அதை அளவாக வெட்டி டப்பாவுக்குள் போட்டால் ஓட்டைகளே கட்டங்கள். ஒரு அட்டை போட்டால் காய் நகராது. நிறையப் போட்டால் கண்ணமங்கலத்தில் பறக்கும். எத்தனை அடுக்கு சரி என்பதை பஸ்தான் சொல்லவேண்டும். வேகத்தடை வரும்போதெல்லாம் நாம் டப்பாவுக்குள் தலையை விட்டிருந்ததைப் பார்த்து கண்டக்டர், "இன்னா தம்பி, கோழிக்குஞ்சா கொண்டாற?" என்று கேட்டார். அதற்குக் கைமாறாக அவர் தோல் பையின் பித்தானில் ஒரு சிவப்புக் கம்மலை ஒட்டிவிட்டேன். வேலூர் வரை பொட்டு வைத்த பையோடு டிக்கெட் கொடுத்தார்.

சாதா காந்த ஆட்டமாக இருக்கக்கூடாது, காயே தள்ளணும், காயே இழுக்கணும் என்பது உன் எண்ணம். ஒவ்வொரு காந்தத்தின் மேலும் பட்டு நூல் சுற்றுவது. வடக்கு முகம் மேலே இருந்தால் சிவப்பு நூல், தெற்கு முகம் மேலே இருந்தால் பச்சை. சிவப்பும் சிவப்பும் கிட்ட வந்தால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடும். சிவப்பும் பச்சையும் என்றால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஒட்டியதுதான், ஆட்டம் முடியும்வரை இரண்டும் அசையக்கூடாது. அதற்குக் 'கல்யாணம்' என்று பேர் வைத்தது நான். இத்தனை தள்ளலுக்கும் ஒட்டலுக்கும் நடுவே ஆளுக்கு ஒரு மாப்பிள்ளைக் காயை எதிர்க்கரை சேர்க்கவேண்டும். ஆட்டத்துக்கு 'ஒட்டுறவு' என்று பேர் வைத்ததும் நான்தான். நீ ஒரு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பரவால்ல என்றாய். உன் வாயில் பரவாயில்லை என்றால் பட்டாபிஷேகம்.

ஆளுக்குப் பாதி காய் எடுத்துக்கொண்டு போனோம். எந்த முகம் வடக்கு என்று கண்டுபிடிக்க நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். சுற்றி நின்ற பிறகு எந்த முகம் வேலூரைப் பார்க்கிறதோ அது வடக்கு. நமக்கு வடக்கு என்றால் வேலூர்தானே. நான் மொட்டை மாடியில் துணி காயப்போடும் நைலான் கயிற்றில் தொங்கவிட்டேன். உன்னை மாடி ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நீ உன் வீட்டில் நூல் கட்ட வாகான ஒரே இடத்தில் கட்டினாய்: தறியில்.

உன் காய்களின் அழகை இப்போதும் சொல்ல வேண்டும். என்னுடையது காயம்பட்ட விரலுக்குத் துணி சுற்றியது மாதிரி. நீயோ நூல் மேல் நூல் ஏறாமல் சுற்றி, உன் காய் என்று தெரிய உச்சியில் ஒரு சரிகை முடிச்சும் போட்டிருந்தாய்.

முதல் ஆட்டம். உன் சிவப்பை என் சிவப்பிடம் கொண்டுவந்தாய். தள்ள வேண்டும். இரண்டும் 'டக்' என்று கட்டிக்கொண்டன. அடுத்த சிவப்பு ஒழுங்காகத் தள்ளியது. ஒரு பச்சை, பச்சையையே போய் ஒட்டியது. இரண்டு பேரும் முழித்தோம். எங்கே கட்டினாய் என்று கேட்டேன். சொன்னாய். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் இரும்புக் குச்சிகள். அத்தனை இரும்புக்கு நடுவில் கட்டினால் பாவம் காந்தம் வேலூரை எங்கே பார்க்கும்? எந்த முகம் இரும்புக்குக் கிட்ட இருந்ததோ அது அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தறிக்காரன் வீட்டில் காந்தத்துக்குக்கூடத் தறிதான் திசை என்றேன். அப்புறம், குடு, பிரிச்சி மறுபடி சுத்தலாம் என்று கை நீட்டினேன்.

நீ கொடுக்கவில்லை. டப்பாவை மடியோடு அணைத்துக்கொண்டாய்.

"அப்டியே இருக்கட்டும்டா. பாத்தா தெரியக்கூடாது. கிட்ட போனாத்தான் தெரியணும்."

அதோடு ஆட்டம் வேறு ஆட்டமாகிவிட்டது. உன் ஒவ்வொரு காயும் ஒரு ரகசியம், உனக்கே ரகசியம். எது தள்ளும் எது ஒட்டும் என்று மனப்பாடம் ஆகாமல் இருக்க, ஆட்டத்துக்கு ஆட்டம் அம்மாவிடம் கொடுத்துக் கலைத்து வைக்கச் சொல்வாய். அம்மா முந்தானைக்குள் கலைத்துவிட்டு, "இன்னா ஆட்டமோ, போங்க" என்பார். ஆனால் அவரும்தான் குனிந்து பார்ப்பார்.

ஒரு ஆட்டம் ஒரு பயணத்தில் முடியாது. வேலூர் வந்ததும் காய்களை வைத்தபடியே மூடிவிடுவோம். அதற்கு நீ போட்ட சட்டம்: யார் ஆடவேண்டுமோ, டப்பா அவரிடம் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்து, நகர்த்தி, மூடி, அடுத்த முறை பார்க்கும்போது எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அவர் முறை. நீ டப்பாவைக் கொடுக்கும்போது ஒருமுறை காதருகே குலுக்கிக் காட்டுவாய். சத்தம் வராது. "எல்லாம் உள்ளயே கீது" என்பாய்.

அந்தக் கோடையில் அம்மாவின் சிறுநீரகத்தை உனக்கு வைப்பது என்று முடிவானது. பஸ்ஸில் நீதான் சொன்னாய். டெஸ்டெல்லாம் பொருந்திவிட்டது என்றாய். அப்புறம் என்ன, நல்ல சேதிதானே என்றேன். நீ ஒரு சிவப்புக் காயை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாய். அம்மா ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, "டெஸ்ட்டு பாத்து சொல்றதுதாண்டா. கிட்ட போனாத்தான தெரியும்" என்றாய்.

நான் மிச்சமிருந்த காந்தக் கம்மலில் ஒன்றை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு உன்னைப் பார்த்தேன். நீ சிரித்தாய். இன்று வரை எனக்குக் கிடைத்த பரிசுகளில் அந்தச் சிரிப்புதான் பெரியது.

அட்மிட் ஆகப் போன நாளில் டப்பா உன்னிடம் இருந்தது. உன் முறை. உன் மாப்பிள்ளை எதிர்க்கரைக்கு வெகு கிட்டத்தில். நான் தோற்கப்போகிறேன் என்று எனக்கே தெரியும். ஆஸ்பத்திரி வாசலில், "ஜல்தி ஆடிட்டு குடு, பேஜார் பண்ணாத" என்றேன். அதுதான் நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது. இன்னும் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதைவிட நல்லதாகச் சொல்லியிருந்தால் நீ பயந்திருப்பாய்.

அம்மாவுடையது உனக்கு ஒட்டவில்லை. முதலில் ஒட்டியதாகத்தான் சொன்னார்கள். அப்புறம் உடம்பு அதைத் தள்ள ஆரம்பித்தது, காய்ச்சல் வந்தது, உள்ளே யாரையும் விடவில்லை. நான் பாலிடெக்னிக் விட்டதும் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுப் போவேன். ஒருநாள் நிற்பதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்குப் போனேன். தறி ஓடவில்லை. அம்மா விலாவில் ஒரு கையை வைத்து அழுத்தியபடியே மெதுவாக எழுந்து உள்ளே போனார். தையல் இன்னும் வலிக்கிறது போல. டப்பாவோடு வந்தார்.

"ஆடிட்டேன், அவன்கிட்ட குடுத்துடுன்னு சொன்னாம்பா. காச்சல்லயும் இதத்தான் சொல்லிகினே இருந்தான்."

வாங்கினேன். அம்மா கையை எடுக்கவில்லை. "உள்ள போட்டது ஒட்டாம போச்சே கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் டப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். எல்லோரையும் சிரிக்கவைக்கிறவன் என்று ஊரில் எனக்குப் பேர். அந்தப் பேரை வைத்து அங்கே என்ன செய்வது?

டப்பாவைத் திறக்கவே இல்லை. திறந்தால் நீ ஜெயித்திருப்பாய், ஆட்டம் முடிந்திருக்கும். மூடியிருக்கும்வரை நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முந்தாநாள் தங்கச்சியின் பாக்ஸ் 'டக்' என்ற பிறகுதான், லேத் படத்தை ஓரம் தள்ளிவிட்டு எடுத்துத் திறந்தேன்.

நீ ஜெயிக்கவில்லையடா.

உன் மாப்பிள்ளை முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறான். அடுத்த ஓட்டை கரை. நடுவில் தள்ளவோ ஒட்டவோ ஒரு காயும் இல்லை. சும்மா நகர்த்தினால் போதும். அதை விட்டுவிட்டு, மூலையிலிருந்த ஒரு சிவப்பை நகர்த்தியிருக்கிறாய். அதையும் என் காய்க்குப் பக்கத்தில் வைக்கவில்லை. ஒரு ஓட்டை இடைவெளி விட்டு நிறுத்தியிருக்கிறாய். தள்ளவுமில்லை, ஒட்டவுமில்லை. சரிகை முடிச்சு மட்டும் மினுக்கியது. காய்ச்சலில் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் என் தப்பு ஒன்றைக்கூட ஒரு நாளும் விட்டுவைக்காதவன் நீ. உன் மாப்பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். ஆட்டத்தை முடிக்க மனசில்லாமல் விட்டிருக்கிறாய். அப்படித்தான் நான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

இப்போது என் முறை. உன் சிவப்பு ஒட்டுமா தள்ளுமா என்று பார்க்க, கிட்டப் போனால் போதும். நாள் முழுக்கக் கை அரிக்கிறது. ஆனால் சட்டம் உன்னுடையது: ஆடிவிட்டால் டப்பாவை எதிராளியிடம் கொடுத்தாக வேண்டும். யாரிடம் கொடுப்பேன்? அதனால் ஆடவில்லை. நான் ஆடாதவரைக்கும், டப்பா என்னிடம் இருப்பதற்கு நியாயம் இருக்கிறது.

இன்று காலை அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். கண்டக்டர் பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கண்ணமங்கலத்து வேகத்தடை வந்தது. பஸ் ஏறி இறங்கியது. டப்பாவை வெளியே எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தேன்.

எல்லாம் உள்ளயே கீது.