பாப்பாவின் பிரஷ்

என்னங்க,

பாப்பாவுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தேன். நீங்கள் தம்பியை ஸ்கூலில் விடப் போயிருந்தீர்கள். சொத்தைப் பல்லின் சீழ் கழுத்துவரை இறங்கிவிட்டதாம். மத்தியானம் ஆபரேஷன், கையெழுத்துப் போட வந்துவிடுங்கள். குக்கரில் சாதம் வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

"இவளுக்குப் பல்லே தேய்ச்சுவிட மாட்டீங்களா?" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தினமும் நான் சமைக்கிறப்ப அவங்கப்பாதான் ரெண்டு பேருக்கும் தேய்ச்சுவிடுறாரு. பிரஷ் ஈரமா இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் ஸ்கூலுக்கே அனுப்புறேன்" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

பி.கு.: கிளம்பும்போது பழக்கதோஷத்தில் பிரஷ்களைத் தொட்டேன். தம்பியுடையது ஈரம். பாப்பாவுடையதும் ஈரம்.

பாப்பா முந்தாநாளிலிருந்து என்னோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.