ஆடாத அலை

குறிஞ்சிப்பிட்டி,
2024.07.18

அன்புள்ள ஸுல்பிகாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? மஸ்கட் வெயில் நம் புத்தளத்து வெயிலைவிடக் கொடுமை என்று கேள்விப்பட்டேன். நீ போய் மூன்று மாதமாகியும் நான் ஒரு வரி எழுதவில்லை. வேலை என்று சொன்னால் அது பொய்.

அப்பா சுகம். நெஞ்சுத் தையல் ஆறிவிட்டது. கடலுக்குப் போக விடாமல் மறித்து வைத்திருக்கிறேன். கரையில் இருந்துகொண்டு மற்றவர்களின் வலையைக் குறை சொல்கிறார். கறியில் உப்புப் போதாது என்று என்னோடும் சண்டை.

அந்தப் பின்னேரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். பைபாஸ் முடிந்து அப்பாவை ஐசியூவுக்குக் கொண்டுவந்து இரண்டு மணித்தியாலம். மெஷின்தான் மூச்சுக் கொடுத்தது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. நான் அன்றைக்கு மகளாகத்தான் நின்றேன், ஆனாலும் பதினொரு வருடத் தாதியின் வாய் சும்மா இருக்கவில்லை. உடம்பில் நீர் போதாது, சேலைன் ஏற்றுங்கள் என்று டொக்டரிடம் சொன்னேன். அன்று டியூட்டியில் நின்ற நீதான் மொனிட்டர் திரையைக் காட்டினாய். மெஷின் கொடுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் பிரஷர் அலை கூடிக் குறைந்தால் நீர் ஏற்றிப் பலன் இருக்கும், இவருடைய அலை ஆடவேயில்லை அக்கா என்று மெதுவாகச் சொன்னாய். டொக்டர் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் கால்பக்கத்தை உயர்த்திப் பார்த்தார். காலில் கிடந்த இரத்தம் நெஞ்சுக்கு வந்தும் இதயம் கூடுதலாக இறைக்கவில்லை. சேலைன் ஏற்றியிருந்தால் நுரையீரலில்தான் தேங்கியிருக்கும் என்றார். இதயத்துக்குப் பலம் தரும் மருந்தைத் தொடங்கினார்கள். பிரஷர் ஏறியது.

அப்பா பிழைத்தார் என்று நினைக்க முந்தி, இது எனக்குத் தெரியாமல் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்றுக் கனமூலையில் இருந்து வந்தவள், என்னிடம் வேலை பழகியவள். அடுத்த கிழமை முழுக்க உன் சார்ட்டில் பிழை தேடினேன். நேரம் எழுத மறந்ததற்காக எல்லார் முன்னாலும் ஏசினேன். நீ மன்னிப்புக் கேட்டாய். அதுவும் எரிச்சலாக இருந்தது. உனக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தபோது கேக் வாங்கி வந்ததும் நான்தான். நீ போகிறாய் என்ற சந்தோசம்.

கண் விழித்த அப்பா, மகள்தான் காப்பாற்றினாள் என்று தானே முடிவு செய்துகொண்டார். நான் மறுக்கவில்லை. போன ஞாயிறு பூசை முடிய, அப்பா சொன்னதைக் கேட்ட பங்குச் சுவாமி என்னை எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கைதட்ட வைத்தார். அப்பா அழுதார். நான் தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நேற்றுப் பகல் சாப்பாட்டில் வைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா கை கழுவி வந்து, அந்தப் பிள்ளையின் பெயர் என்ன, ஊர் எது என்று மட்டும் கேட்டார். இன்று விடிந்ததும் கரைக்குப் போய், நல்ல பாரை மீனாகப் பார்த்து வாங்கி, பஸ் ஏறிவிட்டார். கனமூலைக்கு, உன் உம்மாவைப் பார்க்க. எனக்கென்று அவர் அப்படி மீன் தெரிந்தெடுத்து வாங்கி எத்தனை வருடம்! பார், இதை எழுதும்போதும் எனக்கு உன்மேல் பொறாமைதான்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். லீவில் வந்தால் உம்மாவோடு ஆசை தீர இருந்துவிட்டு, ஒரு நாள் இங்கேயும் வா. கோபம் இருந்தால் அன்றைக்கே ஏசிவிடு. ஆனால் முன்னைப்போல அக்கா என்றே கூப்பிடு.

இப்படிக்கு,
நிலானி