எந்த மாதம் வரலாம் என்று கேட்டீர்களே

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி தேவலையா? டுலூத்தில் பனி கொட்டுகிறதாமே, படியில் பார்த்து இறங்குங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே சவானாவுக்கு வர எந்த மாதம் நல்லது என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். விடுதி வரவேற்பில் நாள் முழுக்க எனக்கு இதே கேள்விதான். மார்ச்சில் ஊரெல்லாம் பூ, ஆனால் கூட்டம். கோடையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். செப்டம்பரில் புயல் பயம். இப்படி மாதம் பார்த்தே இரண்டு வருஷம் போய்விட்டது.

போன வாரம் ஒரு வேடிக்கை. எங்கள் சமையல்காரம்மா லோரீன் தினமும் கிளம்பும்போது, "வீட்டுப் பக்கம் வாம்மா" என்பார். ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். தலைமுடியைச் சுருட்டும் உருளைகளோடு கதவைத் திறந்தவர் திகைத்துப்போனார்.

"அடிப்பாவி, நெசமாவே வந்துட்டியா? இந்த ஊர்ல 'வீட்டுக்கு வா'ன்னா 'போயிட்டு வரேன்'னு அர்த்தம்டி!"

பிறகு விழுந்து விழுந்து சிரித்து, உள்ளே இழுத்து உட்கார வைத்து, இறால் போட்ட சோளக் கஞ்சி கொடுத்தார். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கச் சாப்பிட்டு நாளாயிற்று.

நம் ஊர்க் கடை கறுப்பு ரொட்டி கொண்டு வாருங்கள். என் பழைய கம்பளியும். இங்கே குளிரில்லை, இருந்தாலும் வேண்டும்.

யாரோ மணி அடிக்கிறார்கள், போக வேண்டும். அப்பா, வாங்க. இதை நம் ஊர் அர்த்தத்தில் சொல்கிறேன்.

உங்கள்,
சிக்னே