கண் போகும் பக்கம்

விஷ்ராந்த்வாடி, புனே
11 நவம்பர் 2024

அன்புள்ள கிரிஜாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்பதை வாரத்தில் ஐந்து நாள் இரவு எட்டு மணிக்கு டி.வி.யில் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அது நீ நடிக்கும் பவுனம்மாளின் நலம். வெள்ளிக்கிழமை பவுனம்மாளுக்கு நெஞ்சுவலி வந்ததும் ஒரு நிமிடம் பதறிவிட்டேன்.

போனில் பேசலாமே என்பாய். பேசும்போதே யாரோ “ஷாட் ரெடி மேடம்” என்கிறார்கள். நீ வைத்துவிடுகிறாய். சொல்ல வந்ததில் பாதி என் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. முப்பது வருஷம் நாடகங்களில் உனக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவனுக்குத் தன் சொந்த வசனம் வாயில் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்பது சரியா என்று ஒரு வாரமாக யோசித்தேன். எதிர் பிளாட் கீர்த்திக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் உன் சீரியலுக்குத் தவறாமல் வந்து உட்காருகிறாள். போன திங்கட்கிழமை சோள ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டே, “காகா, டி.வி.யில காகூ பேசறதுக்கு முன்னாடி கீழே யாரைப் பாக்கறாங்க?” என்று ஹிந்தியில் கேட்டாள். “யாரையும் இல்லை” என்றேன்.

ஆனால் முதல் எபிசோடிலிருந்தே எனக்கு அது தெரியும். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் உன் கண் ஒரு கணம் வலப்பக்கம், சற்றுக் கீழே போகிறது. டி.வி.யில் இட வலம் மாறித் தெரியுமோ என்று சந்தேகப்பட்டு உன் மூக்குத்தியை வைத்துச் சரிபார்த்தேன். வலப்பக்கம்தான்.

மேடையில் உன் கண் இடப்பக்கம்தான் போகும். போபோடி பள்ளிக்கூடத்தில் தமிழ்ச் சங்கத்து நாடகத்துக்கு முதல் ஒத்திகை பார்த்தோமே, அன்றிலிருந்து. அங்கே திரைக்குப் பின்னால் நான் நிற்பேன். கையில் பிரதி, இருமல் வராமலிருக்க வாயில் ஒரு கிராம்பு. நீ தடுமாறினால் முதல் இரண்டு சொல் எடுத்துக் கொடுப்பேன். மூன்றாவது சொல் உனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

வலப்பக்கம் இருப்பது யார்?

சீரியல் பிப்ரவரியில் முடிகிறது, மார்ச்சில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாய். அது அப்படியேதானே? உன் அறையில் மின்விசிறியைச் சரிசெய்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஜம்புநாதன்


சாலிகிராமம், சென்னை
20 நவம்பர் 2024

என்னங்க,

கடிதத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இப்படியே ஆரம்பித்துவிட்டேன். பேர் சொல்ல வாய் வராதது போலக் கையும் வரமாட்டேன் என்கிறது.

மேக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஹீரோயின் இன்னும் வரவில்லை, அதனால் எனக்கு நேரம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் கண் மை கரைந்து, மேக்கப்காரரிடம் திட்டு வாங்கினேன். சீரியலில் எனக்குப் புருஷனாக வருகிற கலியன் சார் போன வாரம் ஆஸ்பத்திரிக் காட்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று எபிசோடு அழுதார். அவரைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. கேமராவுக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மனுஷர் மேல் கோபமா? உலகத்தில் எந்தப் புருஷனுக்காவது இப்படி ஒரு பொறாமை வருமா?

அவர் பெயர் ரவிசந்திரன். ஐம்பது வயது, சர்க்கரை வியாதி, இரண்டு பெண்கள். இங்கே யாருமே வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. காலையில்தான் காகிதமே வரும். ரவி சார் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்வோம். அவருடைய குரல் டப்பிங்கில் போய்விடும். நல்ல குரல். நாள் முழுக்கக் கேட்டாலும் தலை வலிக்காது.

இந்தக் கடைசி வரியை எழுதியிருக்க வேண்டாம். நீங்கள் மோவாயைத் தடவிக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது.

ஒரு நல்ல செய்தி. கிருஷ்ணப்ரியா என்று ஒரு பெண், மேடை நாடகம் போடுகிறவள், என்னைத் தேடி செட்டுக்கே வந்தாள். அவளுடைய புது நாடகத்தில் எனக்கு அம்மா வேஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை. ஜனவரியில் நம் புனே சங்கத்தின் பொங்கல் விழாவிலும் போடுகிறோம்! மார்ச் பற்றி அப்புறம் பேசுவோம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கீர்த்தி கொடுக்கிற மிளகாய் டேச்சாவைத் தொடாதீர்கள், உங்கள் வயிறு தாங்காது.

கிரிஜா


விஷ்ராந்த்வாடி
1 டிசம்பர் 2024

அன்புள்ள கிரிஜாவுக்கு,

எனக்குப் பொறாமை இல்லை. இது தொழில் சம்பந்தமான அபிப்பிராயம். தவறாகவும் இருக்கலாம்.

முழு வசனத்தையும் வரி வரியாகச் சொல்வது எடுத்துக் கொடுப்பது ஆகாது. அது டிக்டேஷன். ஃபாக்டரி அக்கவுண்ட்ஸ் பிரிவில் எங்கள் அதிகாரி எனக்கு அப்படித்தான் கடிதம் சொல்வார். அதை எழுதியவன் நான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எடுத்துக் கொடுப்பவன் நடிக்கிறவரின் மூச்சைக் கேட்க வேண்டும். தானாக நிறுத்துகிறாரா, தவிக்கிறாரா என்று மூச்சிலேயே தெரிந்துவிடும். இதெல்லாம் ரவிசந்திரனுக்குத் தெரியுமா? முக்காலியில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ள முடியுமா?

கட்கி ஹாலில் கரண்ட் போன அன்று உனக்கு நினைவிருக்கும். இருட்டில் நீ நகரக்கூட இல்லை. நான் மெதுவாக “அந்தக் கதவை” என்றேன். நீ அங்கிருந்து பிடித்துக்கொண்டு காட்சியை முடித்தாய். விளக்கு வந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். உனக்குத்தான் தட்டினார்கள், அது சரிதான். ஆனால் அதில் கொஞ்சம் எனக்கும் சேர்த்து என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சென்னைக்கே வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். போன வருஷம் செட்டுக்கு வந்தேனே. “சார் ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றார்கள். தள்ளினேன். மறுபடி தள்ளச் சொன்னார்கள். கடைசியில் ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். அங்கே நான் கிரிஜா மேடத்தின் வீட்டுக்காரர். இங்கே எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

புது நாடகத்துக்கு இடப்பக்கம் யார் நிற்கப்போகிறார்கள்? புனே காட்சிக்காவது நான் நிற்கலாமா? பிரதியை அனுப்பினால் தயாராகிவிடுவேன். கட்டாயம் இல்லை.

ஜம்புநாதன்


சாலிகிராமம்
16 டிசம்பர் 2024

என்னங்க,

இந்த நாடகத்தில் எடுத்துக் கொடுக்க ஆளே கிடையாது. கிருஷ்ணப்ரியாவின் கட்டளை. “மறந்தா மறந்ததுதான் ஆன்ட்டி. அந்த அம்மா வீட்ல யார் சைடுல நின்னு சொல்லிக் கொடுத்தாங்க?” என்கிறாள்.

முதல் வாரம் பயந்து நடுங்கினேன். வலப்பக்கம் பார்த்தேன், முக்காலி இல்லை. பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்தேன், தீயணைக்கும் சிவப்பு வாளி இருந்தது. வேறு வழியில்லாமல் எதிரே பார்த்தேன். இந்த வயதில் மனப்பாடம் செய்கிறேன், நம்புங்கள். குளிக்கும்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் என்ன நினைக்கிறார்களோ.

உங்கள் நிம்மதிக்காகப் பிரதியை அனுப்பியிருக்கிறேன். படிக்க மட்டும்.

ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை மாலை. முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். யோசித்துப் பாருங்கள், முப்பது வருஷமாக என் இடது காதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மேடையில் நான் நடித்து நீங்கள் நேரே பார்க்கப்போவது இதுதான் முதல் முறை. அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

நாடகம் முடிந்ததும் ராத்திரி பஸ்ஸிலேயே மும்பை ஏர்போர்ட் போக வேண்டும், மறுநாள் ஞாயிறானாலும் ஷூட்டிங். ஆனாலும் இடையில் அரை மணி நேரம் வீட்டுக்கு வந்து உங்கள் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

கிரிஜா


விஷ்ராந்த்வாடி
20 ஜனவரி 2025

அன்புள்ள கிரிஜாவுக்கு,

சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்திருந்தேன். நீ வரவில்லை. நான் வெளியே வருவதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டாய். ஜன்னல் வழியாகக் கையை அசைத்தாய். அது எனக்கா, பக்கத்தில் நின்ற சங்கத்துச் செயலாளருக்கா என்று தெரியவில்லை. இரண்டு நாளாகப் போன் இல்லை. கோபமாக இருக்கிறாயோ?

நடந்ததை என் பக்கத்திலிருந்து வரிசையாக எழுதுகிறேன். எங்காவது தவறினால் திருத்து.

கடைசிக் காட்சி வரை நீ எங்கும் தடுமாறவில்லை. நான் பிரதியை மனப்பாடமாக வைத்திருந்தேன், அதனால் எனக்குத் தெரியும். கடைசியில் மகளாக நடித்த பெண், “இந்த வீட்ல இத்தனை வருஷம் சந்தோஷமா இருந்தியாம்மா?” என்று கேட்டாள். அதற்கு நீ “சந்தோஷமாத்தான் இருந்தேன்” என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. இடப்பக்கம் பார்க்கவில்லை, வலப்பக்கமும் பார்க்கவில்லை. நேரே பார்த்தாய். என்னைத்தான் பார்த்தாய் என்று நினைத்தேன். பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. நீ அப்போதும் பேசவில்லை. உன் தொண்டை அசைவது தெரிந்தது. யாராவது இவளுக்கு எடுத்துக் கொடுக்க மாட்டார்களா என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

என் குரல் தானாகவே வந்துவிட்டது. மெதுவாகத்தான் சொன்னேன். அந்த அமைதியில் அது ஹால் முழுக்கக் கேட்டது. இரண்டு சொல்தான், “சந்தோஷமாத்தான் இருந்தேன்” என்று. என்ன செய்வது, அந்த வசனமே இரண்டு சொல்தான்.

ஜனங்கள் சிரித்தார்கள். “ஜம்பு சார் இன்னும் டூட்டியில இருக்காரு!” என்று யாரோ சொன்னதற்கு இன்னும் சிரித்தார்கள். எனக்கு அவமானம்தான். இருந்தாலும் நீ அந்த இடத்தைத் தாண்டிவிட்டாய் என்பதுதான் எனக்கு முக்கியம். மறைக்காமல் சொல்கிறேன், பஸ் ஸ்டாப்பில் நின்றபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. ரவிசந்திரன் இல்லாத இடத்தில் நான் இருந்தேன் என்று.

குழம்பைக் கீர்த்திக்குக் கொடுத்தேன். காரம் போதாது என்றாள்.

பதில் எழுது.

ஜம்புநாதன்


சாலிகிராமம்
2 பிப்ரவரி 2025

என்னங்க,

உடனே எழுதியிருந்தால் கடுமையாக எழுதியிருப்பேன். அதனால் ஆறப்போட்டேன்.

நான் மறக்கவில்லை.

அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் நாடகமே. ஒத்திகையில் முதல் நாள் நானும் சட்டென்று பதில் சொன்னேன். கிருஷ்ணப்ரியா, “ஆன்ட்டி, அந்தக் கேள்விய அவங்கள இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. யோசிக்க மாட்டாங்களா?” என்றாள். அன்றிலிருந்து யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் அந்த வசனத்தைச் சொல்கிறேன். சென்னையில் போட்டபோது அந்த நேரத்தில் ஒருத்தர்கூட இருமவில்லை. எத்தனையோ வருஷம் நடித்திருக்கிறேன். வாயே திறக்காமல் ஒரு அரங்கத்தை என் கையில் வைத்திருந்தது அதுவே முதல் முறை. அதை உங்களுக்குக் காட்டத்தான் முன்வரிசையில் நாற்காலி போடச் சொன்னேன்.

புனேயில் யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரே நீலச் சட்டை. இவரோடுதானே இருந்தோம், சந்தோஷமாக இருந்தோமா என்று அந்த அம்மாவுக்காக இல்லாமல் எனக்காகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். பதில் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

ஜனங்கள் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. என் பதிலை நீங்கள் சொன்னதுதான். வீட்டிலும் அப்படித்தானே? டாக்டர் என்னைக் கேட்டால் நீங்கள் சொல்வீர்கள். காய்கறிக்காரன் கேட்டால் நீங்கள் சொல்வீர்கள். அன்பினால்தான், எனக்குத் தெரியும். ரவி சார் வரி வரியாகச் சொல்வது டிக்டேஷன் என்று எழுதினீர்கள். ஆனால் ஷூட்டிங் முடிந்தால் அவர் முக்காலியை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

சீரியலை இன்னும் ஒரு வருஷம் நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். மார்ச்சில் வரவில்லை.

பிப்ரவரி இருபத்திரண்டு, சனிக்கிழமை மாலை, மும்பை மாட்டுங்காவில் இதே நாடகம். வாருங்கள் என்று சொல்லமாட்டேன், வராதீர்கள் என்றும் சொல்லமாட்டேன்.

வந்தால் வாயில் கிராம்பு போட்டுக்கொள்ளுங்கள்.

கிரிஜா


விஷ்ராந்த்வாடி
24 பிப்ரவரி 2025

அன்புள்ள கிரிஜாவுக்கு,

மாட்டுங்காவுக்கு வந்திருந்தேன். சொன்னால் உன் கண் தேடும் என்பதால் சொல்லவில்லை. தேடாமல் போய்விட்டாலோ என்ற பயமும் இருந்தது. டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீலச் சட்டை போடவில்லை. கிராம்பு போட்டிருந்தேன்.

அந்தக் கேள்வி வந்தது. நீ நின்றாய். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. எண்ணாமலிருப்பதும் எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. கிராம்பை அழுத்திக் கடித்ததில் நாக்கு எரிந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் குனிந்து, “பாவம், மறந்துட்டாங்க போல” என்றார்.

“இல்லை சார். யோசிக்கிறாங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு நீ சொன்னாய், அதே இரண்டு சொல்லைத்தான். ஆனால் நான் புனேயில் சொன்ன மாதிரி இல்லை. பாதியை எங்களிடம் சொல்லிவிட்டு மீதியை நீயே வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்கு அப்படிச் சொல்ல வராது.

அன்று நீ நேரே பார்த்தாய். அதாவது எல்லோரையும் பார்த்தாய். ரவிசந்திரனைப் பற்றி எழுதியதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் பொறாமை இல்லை என்று எழுதியது பொய். இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்த ஹாலில் இருந்த அத்தனை பேர் மேலும், பக்கத்திலிருந்த பெரியவர் மேலும் பொறாமைப்பட்டேன். அவர்களெல்லாம் உன்னை முதல் தடவையே நேரே பார்த்துவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் வரவில்லை. உன்னைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். வந்தால் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று தாதருக்கு நடந்தே போய் ரயில் ஏறிவிட்டேன்.

மார்ச்சைப் பற்றி இனி கேட்கமாட்டேன். வேறு ஒன்று கேட்கிறேன். நாடகத்தில் அந்தப் பெண் கேட்டதை நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என்னோடு நீ சந்தோஷமாக இருந்தாயா?

நேரம் எடுத்துக்கொள். நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

ஜம்புநாதன்