நீ பிரித்த மாத்திரை

அத்தை,

இன்று காலை அப்பா மருந்துக்கடைப் பொட்டலத்தைப் பிரித்தார். அட்டைக்குள் ஒவ்வொரு மாத்திரையும் பாதி வெள்ளை, பாதி இளஞ்சிவப்பு. உன்னுடையதேதான். அக்காவின் சொத்தில் தம்பி சர்க்கரையைப் பங்கு வாங்கிவிட்டார்.

உனக்கு முதலில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று தனித்தனி மாத்திரைகள்தான். அப்புறம் டாக்டரம்மா இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றிக்கொடுத்தார். நீ அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில், அச்சில் வார்த்த பொம்மைகளின் பிசிறைச் சீவுகிற கை உன்னுடையது. ஒட்டிய கோடு கண்ணில் பட்டால் சும்மா இருக்குமா? அதே மெல்லிய கத்தியால் நிறம் நிறமாகப் பிரித்துவிட்டாய்.

“கல்யாணம் பண்ணிக்கிட்டதுங்கள ஏன் அத்த பிரிக்கிற?”

“போடா வாலு. செவப்பு காலையில, வெள்ளை சாயங்காலம். ஒட்டிக் குடுத்தா நமக்குப் பிரிக்கத் தெரியாதா?”

ஒரு பொட்டுத் தூள் சிந்தவில்லை. அசந்துபோனேன்.

அடுத்த கணக்கு அதைவிடப் பிரமாதம். “அரை மாத்திரைக்கு அரை இட்லி போதும்டா மருமவனே” என்று வேலைக்குக் கிளம்பினாய். ஸ்கூல் லீவு, நானும் பின்னாலேயே வந்தேன். கொஞ்ச நேரத்தில் உன் கை, வைப்ரேட்டில் போட்ட செல்போனாக நடுங்கியது. முகமெல்லாம் வேர்வை. சூளைக்குப் போகாத பொம்மை ஒன்று கைதவறி உடைந்தது.

“அத்த, நடிப்புல என்னையே மிஞ்சிட்ட” என்றேன். நீ திட்டவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

பக்கத்தில் வேலை செய்த அம்மா ஓடிவந்து, “அண்ணி, முழுங்குங்க” என்று சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். சர்க்கரைக்காரிக்குச் சர்க்கரையா? வாய் பிளந்து நின்றேன். சற்றுப் பொறுத்து, “பொம்ம போச்சா?” என்று கேட்டாய். எனக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவைக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்தது நான்தான். அவர் சொன்னார்: “செவப்பு, இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு குறைஞ்சா சர்க்கரை ரொம்ப இறங்கிடும். வெள்ளை, ஈரல் சர்க்கரையக் கொட்டாமப் பாத்துக்கும். முழுசா இருந்தாத்தான் மெதுவாக் கரையும். வெட்டாதீங்கம்மா, சாப்பாட்டோட முழுசா முழுங்குங்க.”

வெளியே வந்ததும் நீ கேட்டாய்: “ரெண்டும் ஒரே வயித்துக்குள்ளதான போவுது? எது எங்க போய் வேலை பாக்கணும்னு அதுக்கு எப்டிடா தெரியுது?”

“அடுத்த தடவ டாக்டரம்மாகிட்டயே கேட்டுடலாம் அத்த” என்றேன். போன மழைக்காலத்தில் ஏதோ காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். உன் கத்தி என் பென்சில் டப்பாவில் இருக்கிறது. கேள்வியும் என்னிடம்தான்.

அப்பா மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டினார். உன் தம்பி அல்லவா!

“அப்பா, மொதல்ல இட்லி. முழு இட்லி. அப்புறம் முழு மாத்திரை.”

விழுங்கினார். எது எங்கே போகிறது என்று அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.