பத்து டிகிரி நாற்பது கலை

6.4.2025, ஞாயிறு. குரோதி, பங்குனி 23.
மலர்க்கொடி அழைத்தாள். வழக்கம்போல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். என் சொல்லை மீறி டிரினிடாட் தீவுக்கு நர்ஸ் வேலைக்குப் போன மகளோடு நான் பேசி இன்றோடு 245 நாட்கள்.

பிறகு மனைவி அம்சம் வந்து சொன்னாள்: “மன்னார்குடியும் அவ ஊரும் ஒரே அட்சக்கோட்டுல இருக்காம். பதினேழாந்தேதி உச்சியில ரெண்டு எடத்துலயும் நிழலே விழாதாம். அப்பாவ அளந்து பாக்கச் சொல்லுன்னா.”

முப்பத்துநான்கு ஆண்டு நில அளவராக இருந்தவனுக்கே பாடமா? சூரியன் தலைக்கு நேரே வருவது அக்கினி நட்சத்திரத்தில். அதாவது மே 4-க்குப் பிறகு. “அவ சொன்னது சரியா இருந்தா நானே கூப்பிட்டுப் பேசுறேன்” என்றேன். அம்சம் சிரித்தாள். ஏன்?

9.4.2025, புதன்.
அட்லஸை விரித்தேன். மன்னார்குடி 10° 40′, அதாவது பத்து டிகிரி நாற்பது கலை. போர்ட் ஆஃப் ஸ்பெயின் 10° 39′. வயல் வரப்பில்கூட இவ்வளவு நேராகக் கோடு பிடித்ததில்லை நான்! விரலைக் கிழக்கே நகர்த்தினேன். வேளாங்கண்ணி, கடல், வியட்நாமின் மீகாங் வடிநிலம் – அங்கும் நெல், அங்கும் வாய்க்கால். பிறகு பசிபிக் முழுவதும் நீர். வெனிசுவேலாவைத் தாண்டியதும் அவளுடைய தீவு. உலகத்தின் மறுகோடி என்று அதை ஏசியிருந்தேன். அவளுக்கும் நமக்கும் பகலின் நீளம்கூட ஒன்றேயாம். என்ன ஒழுங்கு!

13.4.2025, ஞாயிறு.
கொல்லையில் ஒரு மீட்டர் கோலைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டிருக்கிறேன். நண்பகல் நிழல் இரண்டே முக்கால் சென்டிமீட்டர். நாளுக்கு நாள் குறைகிறது. மே வரை தாங்காது போலிருக்கிறதே.

17.4.2025, வியாழன். விசுவாவசு, சித்திரை 4.
பகல் 12.11. நிழல் இல்லை.

இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தேன். இல்லை.

அம்சம் பாதாளக் கரண்டியும் கயிறுமாகக் கிணற்றடியில் நின்றாள். எட்டிப் பார்த்தேன். சூரியன் நேரே உள்ளே இறங்க, அடிமணல்வரை தெரிந்தது.

“வருசா வருசம் சித்திரை பொறந்து நாலாம் நாள்தாங்க உள்ள விழுந்ததெல்லாம் எடுப்பேன். ஊரையே அளந்தீங்க, கொல்லைக் கெணத்த எட்டிப் பாக்கல.”

நாற்பத்தொரு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். கரண்டியில் ஒரு பித்தளைச் சொம்பு மாட்டி வந்தது. மலர் புறப்பட்ட காலையில் அவள் கை தவறி விழுந்தது.

18.4.2025, வெள்ளி.
அங்கே உச்சிவேளை நமக்கு நேற்றிரவு 9.35. அந்த நிமிடத்திலேயே அழைத்தேன்.

“அப்பா? நீங்களா? வெளியிலதான் நிக்கிறேன்ப்பா. நிழலே இல்ல!”

“இங்கயும் இல்லம்மா. தப்பு எம்மேலதான்” – தேதியைத்தான் சொல்ல நினைத்தேன். அதோடு நிற்கவில்லை.

20.4.2025, ஞாயிறு.
அழைப்பு வந்தது. அம்சம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். 22 நிமிடம் நானே பேசினேன். சொம்பு கிடைத்ததைச் சொன்னேன். ஆகஸ்ட் 25 அன்று மீண்டும் நிழலற்ற நாளாம். அப்போது ஊருக்கு வர விடுப்புக் கேட்டிருக்கிறாளாம். கோலைப் பிடுங்க வேண்டாம் என்று அம்சத்திடம் சொல்லிவைத்தேன்.